கீழ் சிலிண்டரில் தேங்கிய ஆயில்

லாரியின் ஆயில் லாரியின் வயிற்றிலேயே கிடக்கும். இன்ஜினுக்கு அடியில் ஒரு தொட்டி, அதில் ஆயில், அதை மேலே அனுப்ப ஒரு பம்ப். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தால் உள்ளது உள்ளபடி தெரிந்துவிடும். சித்தூர் லாரி ஷெட்டுகளில் இது தெரியாதவர் யாருமில்லை. நான் சொல்ல வரும் விமானத்தில் இதே பழக்கத்தை அப்படியே கடைப்பிடித்தால் இன்ஜின் போய்விடும். ஒருமுறை அது போகவிருந்தது.

தனியார் விமானக் கம்பெனிகளுக்கு அரசாங்கம் கதவைத் திறந்துவிட்ட காலம் அது. என்னோடு ஹாங்கரில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் துபாய், மஸ்கட் என்று போய்விட்டார்கள். மீதிப் பேர் புதிதாக முளைத்த கம்பெனிகளில் சேர்ந்தார்கள். அந்தக் கம்பெனிகளில் சில, கொடுத்த சீருடையின் சாயம் போவதற்குள் மூடப்பட்டன. நான் எங்கும் போகவில்லை. விருப்ப ஓய்வு என்று ஒரு திட்டம் வந்தது. விருப்பம் யாருடையது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. வாங்கிக்கொண்டு நகரியில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஆனால் விமானத்தைச் சரிபார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் லைசென்ஸ் மட்டும் உயிரோடு இருந்தது. அதனால்தான் அந்த பைலட் என்னைத் தேடி வந்தார்.

அவர் ராஜமுந்திரிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். ராணுவத்தில் ஓட்டி ஓய்வு பெற்றவர், மரியாதைக்காரர். மூடப்போன ஒரு பறக்கும் கிளப்பிலிருந்து பழைய விமானம் ஒன்றை வாங்கி, திருப்பதி விமானத் தளத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் வைத்திருந்தார். மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள், துணி போர்த்திய உடம்பு, ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்காரத் திறந்த இருக்கைகள். மூக்கில் ஏழு சிலிண்டர்கள் பூவிதழ் மாதிரி வட்டமாக நிற்கும். பயிற்சிக்கென்று செய்த விமானம். கட்சிக் கூட்டத்துக்கு நோட்டீஸ் போடுவது, மாம்பழக் கூழ் ஆலைத் திறப்பு விழாவுக்குத் துணி விளம்பரத்தை இழுத்துக்கொண்டு பறப்பது என்று அதை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பணம் புதிதாகக் கையில் வந்தவர்கள் அப்போது வானத்தையும் வாடகைக்கு எடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த விமானத்தில் ஆயில் இன்ஜினுக்குள் தங்குவதில்லை. முன் இருக்கைக்கு முன்னால், இன்ஜினுக்குப் பின்னால், தனியாக ஒரு டாங்கி. ஒரு பம்ப் டாங்கியிலிருந்து ஆயிலை இன்ஜினுக்குத் தள்ளும். அது நடு அச்சுக்குள் புகுந்து, பேரிங்குகளை நனைத்து, சிலிண்டர் சுவர்களில் தெறித்து, கடைசியில் இன்ஜினின் அடியில் உள்ள ஒரு சிறு கிண்ணத்தில் வடியும். அங்கிருந்து இன்னொரு பம்ப் அதை இழுத்துத் திரும்ப டாங்கிக்கு அனுப்பும். இழுக்கும் பம்ப், தள்ளும் பம்பைவிடப் பெரிது. ஏனென்றால் திரும்பி வரும் ஆயில் சூடேறி, அடிபட்டு நுரைத்து, காற்றோடு கலந்து பெருத்து வரும். அந்த நுரை அடங்குவதற்காக டாங்கியின் மேல்பகுதியில் கொஞ்சம் இடம் காலியாக விட்டிருப்பார்கள். அந்தக் காலியிடத்தை யாராவது நிரப்பினால், இடமில்லாத ஆயில் மூச்சுக் குழாய் வழியாக வெளியேறி விமானத்தின் வயிற்றில் வழியும்.

இன்ஜின் நிற்கும்போது டாங்கியிலிருந்து ஆயில் தானாக இன்ஜினுக்குள் இறங்கிவிடக் கூடாது. அதற்கு நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன வால்வு உண்டு. புதிதாக இருக்கும்போது அது ஒழுங்காக மூடிக்கொள்ளும். வயதாகிவிட்டால், ஒரு தூசி அதன் உதட்டில் உட்கார்ந்துவிட்டால், சொட்டுச் சொட்டாக விடும். ஒரு வாரம் விமானத்தை நிறுத்திவைத்துவிட்டு வந்து பார்த்தால் டாங்கியில் ஆயில் குறைந்திருக்கும். குறைந்தது எங்கும் ஒழுகிப் போகவில்லை. இன்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. அதிலும் கீழே தலைகீழாகத் தொங்கும் இரண்டு சிலிண்டர்களில் போய்த் தேங்கியிருக்கிறது. ஆகவே இந்த விமானத்தில் டாங்கியின் ஆயிலை இன்ஜினை ஓட்டி நிறுத்திய பிறகுதான் அளக்க வேண்டும். ஓட்டுவதற்கு முன் அளப்பவன் பொய்க்கணக்கைப் பார்க்கிறான்.

இந்த இடத்தில்தான் லாரி முதலாளி வருகிறார்.

அவருடைய ஊர் குடிபாலாவுக்கு அந்தப் பக்கம், வேலூர் எல்லையை ஒட்டியது. ஊர் ஒரு பக்கம், ஏரிக்கால்வாயைத் தாண்டி அவர்கள் தெரு ஒரு பக்கம். அவருடைய அப்பா காலத்தில் அந்தத் தெருவில் யாருக்கும் கைப்பிடி நிலம் கிடையாது. அவர் பையனாக இருந்தபோது சித்தூரில் லாரி கழுவப் போனார். பிறகு கிளீனர், டிரைவர். சில வருடம் மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டினார். திரும்பி வந்து சொந்த லாரி வாங்கினார். கூழ் ஆலைகளுக்கு மாங்காய் ஏற்றும் லாரிகளில் பாதி இப்போது அவருடையவை. தெருக்காரர்கள் சேர்ந்து தங்கள் மாரியம்மன் கோயிலைக் கல்கட்டடமாக எழுப்பியிருந்தார்கள். வைகாசியில் கும்பாபிஷேகம். கலசத்தில் தண்ணீர் ஊற்றும்போது மேலே இருந்து பூ கொட்ட வேண்டும் என்று விமானம் கேட்டு வந்திருந்தார்.

பைலட்டும் நானும் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தோம். விமானத்திலிருந்து எதையும் கீழே போடுவதற்கு எங்கெங்கே அனுமதி வாங்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். கலெக்டர் ஆபீஸ், போலீஸ், விமானத்துறை. திருமலை மேல் பறக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். பூவுக்கு இவ்வளவு காகிதமா என்று லாரி முதலாளி கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதில் இரண்டு வேளை கூடுதலாகச் சாப்பாடு போடலாமே என்றேன் நான்.

"சாப்பாட்டுக்குத்தான் சார் இத்தனையும்" என்றார்.

பிறகு சொன்னார். "ஊர்க்காரங்க வருவாங்க. கையக் கட்டிக்கினு நின்னு பாப்பாங்க. தண்ணி ஊத்துனதும் செருப்ப மாட்டிக்கினு போய்டுவாங்க. எங்க தெருவுல இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு வாய் துன்னது கெடையாது. சமையலுக்கு வேலூர்லேர்ந்து ஐயரு ஆளுங்களத்தான் வெச்சிருக்கேன். அப்பவும் துன்ன மாட்டாங்க."

"பூ போட்டால் மட்டும்?"

"வானத்துலேர்ந்து பூ வுழுந்தா ரெண்டு நிமிசம் வாயப் பொளந்துக்கினு நிப்பாங்கல்ல சார். அந்த ரெண்டு நிமிசத்துல கையப் புடிச்சி இட்டுக்கினு போயி எலையில உக்கார வெச்சிடுவேன். அப்புறம் எந்திரிச்சிப் போறதுக்கு ஒரு மூஞ்சி வேணும்ல."

நான் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் சொன்னதைப் புதிதாகக் கேள்விப்பட்டவன் போல முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. யோசனை மோசமில்லை என்று மட்டும் சொன்னேன். தண்ணீர் ஊற்றும் முகூர்த்தம் காலை ஒன்பதரை. விமானம் அந்த நிமிடத்தில் தலைக்கு மேலே இருந்தாக வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ஊர்க்காரர்கள் கால்வாயைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஒரு வாரத்துக்கு முன்பே இன்ஜினை ஓட்டிப் பார்த்து, ஃபில்டரைக் கழற்றி உலோகத் துகள் இருக்கிறதா என்று விரலில் தேய்த்துப் பார்த்து, எல்லாம் சரி என்று நிறுத்திவிட்டு வந்தேன். பூ வேறு வரவேண்டும் என்பதால் லாரி முதலாளி தன் தங்கை புருஷனை விழாவுக்கு முதல் நாளே கொட்டகையில் காவலுக்கு அனுப்பியிருந்தார். அவர் முதலாளியின் ஷெட்டில் தலைமை மெக்கானிக். சிவப்பான, கனமான மனிதர். லாரி கோயில் காரியத்துக்குப் போவதென்றால் எந்த டாங்கியும் குறைவாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் ஷெட்டின் வழக்கம். டீசல், ரேடியேட்டர் தண்ணீர், ஆயில் மூன்றும் மேல்கோடு வரைக்கும் நிற்க வேண்டும். அப்புறம்தான் எலுமிச்சம்பழம்.

விழா நாளன்று காலை முதல் பஸ்ஸில் நான் போய்ச் சேர்ந்தபோது விமானத்தின் மூக்கில் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சை. மெக்கானிக் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஆயில் கம்மியா இருந்துச்சு சார். பாத்தேன், ஃபுல் பண்ணிட்டேன். நீங்க வெச்சிருந்த டின்னுதான். வேற எதுவும் ஊத்தல."

நல்ல வேளை, அந்த அளவுக்கு. மாலையைக் கழற்றிக் கொடுத்தேன். ஸ்விட்சுகள் எல்லாம் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தேன். பிறகு புரொப்பல்லரைக் கையால் சுற்ற ஆரம்பித்தேன். இந்த வகை இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் கையால் சில சுற்று சுற்றிப் பார்க்காதவனுக்கு லைசென்ஸ் கொடுத்தவரையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதன் இலை இரண்டு முறை தடையில்லாமல் சுற்றி வந்தது. மூன்றாவது முறை பாதியில் நின்றது. சுவரைத் தள்ளுவது போல.

கீழ் சிலிண்டரில் ஆயில் தேங்கியிருக்கிறது. பிஸ்டன் முழுதாகப் போய்வர இடமில்லை. காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. இதைக் கவனிக்காமல் ஸ்டார்ட்டரை அமுக்கினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும். அப்போதே உடைந்தால் நல்லது, தரையிலேயே போகும். வளைந்து மட்டும் இருந்தால், பின்னொரு நாள் வானத்தில் உடையும்.

மெக்கானிக் கிட்டே வந்து பார்த்தார். "ஃபேன் புடிச்சிக்கினு இருக்கா? ரிவர்ஸ்ல ஒரு ஆட்டு ஆட்டுனா வந்துடும் சார்" என்று கையை வைத்தார். லாரி இன்ஜினில் அது சரியான வைத்தியம்தான். கையை எடுக்கச் சொன்னேன். பின்னால் சுற்றினால் ஆயில் சிலிண்டரிலிருந்து காற்று வரும் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். புரொப்பல்லர் லேசாகச் சுற்றும், எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் அதை ஒரே மடக்கில் திரும்பக் குடிக்கும். தண்டு அப்போது வளையும். செய்ய வேண்டியது ஒன்றுதான். கீழ் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்று, வடியவிடு, குழாய்களின் அடிமூடியையும் திற, மெதுவாக முன்பக்கமாகச் சுற்று, துடை, பிளக்கைக் கழுவி மாட்டு. இதில் எந்த வரியையும் தாண்ட முடியாது.

பிளக்கைக் கழற்றியதும் ஆயில் கறுப்பாக, கேழ்வரகுக் கூழ் பதத்தில், அவசரமே இல்லாமல் இறங்கியது. டீக்கடையிலிருந்து வாங்கி வந்த பேசினைக் கீழே வைத்திருந்தோம். மெக்கானிக் அதைப் பார்த்தார், டாங்கியைப் பார்த்தார். நான் விளக்கவில்லை. ஆயில் பிழைப்பில் இருப்பவருக்கு அதைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

"அப்ப நான் ஊத்துனது?"

"அதையும் எடுக்க வேண்டும்" என்றேன்.

பைலட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் யாரோ அவரை முன் இருக்கையில் உட்கார வைத்துத்தான் முதல் சுற்றுப் பறப்பார். ராணுவத்தில் கற்றது என்றார். கையெழுத்தின் தரத்தை உயர்த்த இதைவிடச் சிறந்த விதியை எந்த அலுவலகமும் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கும், "மீரு சைன் சேஸ்தேனே நேனு எகுருதானு" என்றார். நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் பறப்பேன். அதன் பின்பாதியை அவர் சொல்லத் தேவையில்லை. நானும் கூடவே ஏறியாக வேண்டும்.

ஒன்பது ஆயிற்று. மெக்கானிக் பூ மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஊரில் போன் கிடையாது. குடிபாலாவில் ஒரு எஸ்.டி.டி. பூத் உண்டு. ஆனால் அன்றைக்கு அந்தக் கடைக்காரரும் கும்பாபிஷேகத்துக்குத்தான் போயிருப்பார்.

"ஒம்போதரைக்குத் தண்ணி ஊத்திடுவாங்க சார்" என்றார் மெக்கானிக். "அவங்க போய்டுவாங்க. மச்சான் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதான் சார் கஷ்டம். திட்டுனா தாங்கிக்கலாம்."

ஒரு சிலிண்டரை மட்டும் வடித்துவிட்டு இன்னொன்றைச் சும்மா விடலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். அவர் எழுந்து வந்து எனக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து பிளக்குகளைப் பெட்ரோலில் கழுவ ஆரம்பித்தார். நன்றாகக் கழுவினார். ஒன்பதரை ஆனபோது நாங்கள் இரண்டு பேரும் தலை நிமிரவில்லை.

பிளக்கை மாட்டி, அடிக்கிண்ணத்தை வடித்து, டாங்கியில் அதிகமாக இருந்ததை எடுத்து, மறுபடி புரொப்பல்லரைச் சுற்றினேன். எல்லா இலையும் ஒரே மாதிரி வந்தது. ஸ்டார்ட் செய்தபோது நீலப் புகை கொட்டகையையே மூடிவிட்டது. நான் புகையைப் பார்க்கவில்லை. ஆயில் பிரஷர் முள்ளைப் பார்த்தேன். அரை நிமிடத்துக்குள் அது எழுந்திருக்காவிட்டால் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். எழுந்தது, லேசாக நடுங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஆயில் சூடேறும் வரை ஓட்டினோம். வைகாசி வெயில் அதில் பாதி வேலையைத் தானே செய்துவிட்டது. பிறகு நான் கையைக் காட்டி இன்ஜினை நிறுத்தச் சொன்னேன்.

மெக்கானிக்கின் முகம் அழுகிறவன் முகம் மாதிரி ஆயிற்று. "மறுபடியும் ஏன் சார் நிறுத்துறீங்க?"

"இப்போதுதான் ஆயிலை அளக்க முடியும்."

அளந்தேன். கொஞ்சம் குறைவாக இருந்தது. ஊற்றும்படி அவரிடமே டின்னைக் கொடுத்தேன். மேலே காலியிடம் விட்டு, நான் காட்டிய கோட்டில் சரியாக நிறுத்தினார். கையெழுத்துப் போட்டேன். நாங்கள் தரையை விட்டுக் கிளம்பும்போது பதினொன்றைத் தாண்டியிருந்தது.

முன் இருக்கையில் என் மடி நிறையப் பூ மூட்டை. சாமந்தி, ரோஜா இதழ், கொஞ்சம் துளசி. திருமலையை விட்டு ஒதுங்கி, சந்திரகிரிப் பக்கமாக வளைந்து, சித்தூரைத் தாண்டினோம். கீழே மாந்தோப்புகள் வரிசையாக, நடுவில் மணல் மட்டும் ஓடும் நீவா ஆறு. பூ வாடத் தொடங்கியிருந்தது. போய் என்ன பயன் என்றுதான் எனக்கும் தோன்றியது. வாடகைக்கு எடுத்தவருக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பது என்கிற முறைக்காகப் போய்க்கொண்டிருந்தோம்.

ஏரிக்கால்வாய் தெரிந்தது. அதன் இந்தப் பக்கம் புதுச் சுண்ணாம்பு அடித்த சின்னக் கோபுரம். அதன் கலசம் ஈரமாக மின்னியது. சுற்றி ஆளே இல்லை. சாரத்துக் கம்புகள் மட்டும் நின்றன. பைலட் பின்னாலிருந்து என் தோளைத் தட்டி, நான் திரும்பியதும் கீழே கையைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சுற்று சுற்றினார். அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்த உயரத்தைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை.

அந்தச் சத்தத்துக்குக் கோயிலை அடுத்திருந்த நீளமான கீற்றுப் பந்தலிலிருந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். நாலா பக்கமும் வந்தார்கள். வந்து அண்ணாந்து நின்றார்கள். வெள்ளை வேட்டிகள் நிறைய. கையை ஆட்டினார்கள். அதில் ஏதோ ஒன்று சரியாக இல்லாமல் பட்டது. எல்லோரும் இடது கையை ஆட்டினார்கள். வலது கையை உடம்பில் படாமல் தள்ளி, விரல்களைக் குவித்துப் பிடித்திருந்தார்கள். சாப்பாட்டுக் கை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர்கள்.

மூட்டையை அவிழ்த்துக் கவிழ்த்தேன். பூ நேராக விழும் என்று நினைப்பவர்கள் விமானத்தில் ஏறியதில்லை. முக்கால்வாசி, வேர்க்கடலை பிடுங்கிய பக்கத்து நிலத்தில் போய் விழுந்தது. மிச்சம் பந்தல் கீற்றின் மேலும், நின்றவர்கள் மேலும் விழுந்தது. யார் யார் மேல் என்று அங்கிருந்து எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் லாரி முதலாளி கொட்டகைக்கு வந்தார். தாமதத்துக்கு நான் தொழில்முறையான விளக்கம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். டாங்கி, இரண்டு பம்ப், வால்வு என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

அவர் சொன்னது இது. ஒன்பதரைக்குக் கருடன் சரியாக வந்து மேலே வட்டமிட்டது. தண்ணீர் ஊற்றினார்கள். விமானம் வரவில்லை. ஊர்க்காரர்கள் செருப்பைத் தேடினார்கள். மைக் செட்காரர் மட்டும் விடவில்லை. திருப்பதியிலிருந்து விமானம் கிளம்பிவிட்டது, வந்துகொண்டே இருக்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் போக மனம் வரவில்லை. போன பிறகு வந்துவிட்டால்? வெயில் ஏறியது. அந்தப் பக்கத்தில் நிழல் என்று இருந்தது சாப்பாட்டுப் பந்தல் ஒன்றுதான். ஊர்க்காரர்கள் முதலில் பந்தலின் ஓரத்தில் நின்றார்கள். பிறகு கொஞ்சம் உள்ளே. பிறகு கால் வலிக்கிறதென்று பாயில் உட்கார்ந்தார்கள். எதிரில் இலை கிடந்தது. மோர் வந்தது, குடித்தார்கள். பதினொன்றரைக்குச் சமையல்காரர்கள் சோற்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"நான் கையப் புடிக்கவே இல்ல சார். ஒருத்தரக் கூப்புடவும் இல்ல. பேசாம நின்னுக்கினு இருந்தேன். எங்க பேசுனா எந்திரிச்சிடுவாங்களோன்னு பயம்."

"பாதியில் எழுந்து வந்தார்களே, நான் மேலிருந்து பார்த்தேன்" என்றேன். "திரும்பப் போய் உட்கார்ந்தார்களா?"

அதைச் சொல்லத்தான் அவர் சித்தூரிலிருந்து வந்திருந்தார் என்று அப்போது புரிந்தது. விமானத்தின் மூக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உக்காந்தாங்க சார். தலையில பூவோட. பழைய பிரசிடென்டு இருக்காரே, எங்க நைனாவ அந்தக் கால்வாயத் தாண்ட வுடாத ஆளு. அவரு உக்காந்ததும் தலையிலேர்ந்து ஒரு பூ எலையில வுழுந்துச்சு. அத எடுத்து ஓரமா வெச்சிட்டு, ரசம் இன்னொரு வாட்டி கேட்டாரு."

"ஊற்றினீர்களா?"

"நான்தான் சார் ஊத்துனேன்" என்றார்.